குதிரைக்குக் காவல் உண்டு, கூலிக்காரனுக்கு?

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் கால்நடை வளர்ப்புக் கடன் பற்றிய கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் என்னை மறித்தார். இரண்டு கறவை மாடுகள் வாங்குவதற்கென அவருடைய வீட்டில் பணம் சேர்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாடு வாங்க வைச்சிருந்த காசு குதிரையிலை போட்டுது, சுவாமி."

அவருடைய கணவரை நான் அறிவேன். கெட்ட மனிதர் அல்லர், குடிப்பழக்கமும் இல்லை. ஒரு காலத்தில் சொந்தக் காணியில் மிளகாயும் வெங்காயமும் செய்தவர். இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, இன்று நகரத்துச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். மாலையில் கூலி கைக்கு வந்ததும் பந்தயக் கடைக்குள் நுழைந்து ஒரு சிட்டை எழுதுவார். கெம்ப்டன், லிங்பீல்ட், வுல்வர்ஹாம்டன் என்று இங்கிலாந்தின் ஓட்டத் திடல்களின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றையேனும் அவர் கண்டதில்லை. காணப்போவதும் இல்லை.

குதிரைப் பந்தயம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதற்கும் இடம்பெயர்ந்த விவசாயிகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இந்தச் சிட்டையில் இருக்கின்றது. ஆகவே, அந்த ஓட்டத்தை யார் கண்காணிக்கிறார்கள், எதைக் கண்காணிக்கிறார்கள், எதைக் காணாமல் விடுகிறார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

சவுக்குக்கு உள்ள எல்லை

எமது ஊர்க் கடைகளில் பந்தயம் கட்டப்படும் ஓட்டங்களிற் பல பிரித்தானியாவில் நடப்பவை. அங்கே குதிரையோட்டி தன் விருப்பம்போல் குதிரையை அடிக்க முடியாது. 2023ஆம் ஆண்டில் வந்த விதியின்படி சமதரை ஓட்டத்தில் ஆறு தடவையும், தடை தாண்டும் ஓட்டத்தில் ஏழு தடவையும் மாத்திரமே சவுக்கைப் பயன்படுத்தலாம். அதற்கு மேலும் நான்கு அடி அடித்தால், முதலாவதாக வந்த குதிரையாயினும் அதன் வெற்றி பறிக்கப்படும். சவுக்கும் காயம் உண்டாக்காதவாறு மெத்தென்ற உறை போட்டதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு. தோலின் கீழ் அடையாளச் சில்லு உண்டு. ஊக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்று இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதிக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற கிராண்ட் நஷனல் ஓட்டத்தில் நெரிசலால் குதிரைகள் விழுந்து சாவதைக் குறைப்பதற்காக, ஓடும் குதிரைகளின் தொகையை 2024இல் 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள்.

இவற்றை நான் கேலி செய்யவில்லை. வாயில்லாச் சீவனுக்காக மனிதர் வகுத்த நல்ல விதிகள் இவை. மாட்டையும் ஆட்டையும் பிள்ளைபோல் வளர்த்த உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அதே ஓட்டத்துக்கு இன்னொரு முனை இருக்கிறது. அது எமது நகரத்துப் பந்தயக் கடை. குதிரையின் முதுகில் விழும் அடியை அங்கே ஒருவர் எண்ணுகிறார். ஒரு குடும்பத்தின் முதுகில் விழும் அடியை இங்கே எண்ணுபவர் யார்?

காவல் வந்த வழி

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு, பந்தயத்தின் தாய்நாடாகிய பிரித்தானியாவில் அரசாங்கத்தின் கண்காணிப்பு எப்படி வளர்ந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

அங்கே 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய ஜொக்கி கழகம் குதிரை வைத்திருந்த பிரபுக்களின் சங்கம். ஓட்டத்தின் விதிகளை நெடுங்காலம் அவர்களே எழுதினார்கள்; அவர்களே தீர்ப்பும் சொன்னார்கள். அரசாங்கம் தலையிட்டது பந்தயப் பணத்தில்தான். 1853இல் பந்தய வீடுகள் தடை செய்யப்பட்டன. 1906இல் தெருவில் பந்தயம் கட்டுவது குற்றமாக்கப்பட்டது. இத்தடைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. வசதி படைத்தவர் ஓட்டத் திடலுக்குச் சென்றோ கடன் கணக்கு வைத்தோ சட்டப்படி பந்தயம் கட்டினார். தொழிற்சாலைக்குப் போகும் வழியில் சில்லறைக் காசைக் கொடுத்த தொழிலாளி பொலிஸாரிடம் அகப்பட்டார். அப்படியிருந்தும் தெருப் பந்தயம் ஒழியவில்லை, மறைவில் நடந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் போன பின்னர், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1961 மே மாதம் முதலாந் திகதி பந்தயக் கடைகள் சட்டபூர்வமாகத் திறக்கப்பட்டன. ஆயினும் கடை கவர்ச்சியற்றதாகவே இருக்க வேண்டும் என்பது அன்றைய நோக்கம். தொலைக்காட்சி இல்லை, தேநீர் இல்லை. வருபவர் காசைக் கட்டிவிட்டுப் போகட்டும், அங்கே குந்தியிருக்க வேண்டாம் என்று கருதினார்கள். இக்கட்டுப்பாடு 1986இல் தளர்த்தப்பட்டது.

அதே 1961ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பந்தயக்காரரின் வருமானத்தில் ஒரு பங்கை அறவிடுவதற்கு ஒரு சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அப்பணம் எதற்கு? குதிரை இனங்களை மேம்படுத்துவதற்கு, கால்நடை மருத்துவத்தை வளர்ப்பதற்கு, குதிரை ஓட்டத்தைச் சீராக்குவதற்கு.

பந்தயத்தில் அழிந்த மனிதருக்கு என்ன செய்தார்கள்? 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் மூன்று நோக்கங்களை வகுத்தது: சூதாட்டத்தில் குற்றச்செயல் புகாமல் தடுப்பது, அது நேர்மையாக நடப்பதை உறுதி செய்வது, சிறுவரையும் நலிந்தோரையும் பாதுகாப்பது. இதற்கென அமைக்கப்பட்ட ஆணைக்குழு 2007இல் முழுமையாகப் பொறுப்பேற்றது. 2020 ஏப்ரலில் கடனட்டை கொண்டு சூதாடுவது தடை செய்யப்பட்டது. சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும், தடுப்புக்கும், ஆய்வுக்கும் நிறுவனங்கள் கட்டாயமாகப் பணம் செலுத்த வேண்டும் என்ற அறவீடு 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதிற் பாதி சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

கணக்கைப் பாருங்கள். குதிரைக்கான கட்டாய அறவீடு 1961இல் வந்தது. மனிதனுக்கான கட்டாய அறவீடு 2025இல் வந்தது. இடையில் 64 ஆண்டுகள். குதிரைக்குச் சொந்தக்காரன் உண்டு, அவன் செல்வாக்குள்ளவன், தன் குதிரைக்காகப் பேசினான். தோற்றுப்போன மனிதனுக்காகப் பேச நீண்ட காலம் ஆளிருக்கவில்லை.

கண்காணித்து ஆவதென்ன என்று சலித்துக்கொள்வோருக்கு அமெரிக்கா பதில் தருகிறது. அங்கே ஓட்டம் நடக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு வேறு விதி இருந்தது. 2019இல் கலிபோர்னியாவின் சாந்தா அனிற்றா திடலில் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தபோது நாடே அதிர்ந்தது. 2020 இறுதியில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2009இல் முறையாக எண்ணத் தொடங்கியபோது ஆயிரம் ஓட்டப் பங்கேற்புக்கு இரண்டு குதிரைகள் இறந்தன. 2024இல், அந்தப் பொதுச் சட்டத்தின் கீழ் வந்த திடல்களில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எண்ணியதால் குறைக்க முடிந்தது. எண்ணாத ஒன்றை எவராலும் குறைக்க முடியாது.

எமது நாட்டில் நடந்தது

இலங்கைக்குக் குதிரை ஓட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டில் காலிமுகத்திடலில் குதிரைகள் ஓடின. 1893இல் கறுவாத்தோட்டத்தில் புதிய திடல் திறக்கப்பட்டது. 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் வந்ததும் கொழும்பில் ஓட்டம் நின்றது. அத்திடல் இன்று றக்பி மைதானமாகவும் கடைத்தொகுதியாகவும் இருக்கிறது. 1981இல் நுவரெலியாவில் ஓட்டம் மீண்டும் ஆரம்பமாயிற்று. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே கூட்டம் கூடுகிறது.

ஆனால் கொழும்பில் குதிரை நின்றபோது பந்தயம் நிற்கவில்லை. குதிரை ஓடுவது இங்கிலாந்தில், காசு கட்டுவது இங்கே என்றாகிவிட்டது. பின்னர் செய்மதித் தொலைக்காட்சி வந்தது. கடையில் இருந்தபடியே ஓட்டத்தைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஓட்டம், கோடை காலத்தில் எமக்கு மாலை ஆறரை மணி. மாரி காலத்தில் அங்கு பன்னிரண்டரை மணிக்குத் தொடங்குவது எமக்கு ஆறு மணி. வயலிலும் சந்தையிலும் கட்டட வேலையிலும் நாட்கூலி கைக்கு வரும் நேரம் எதுவோ, அதே நேரம். இதை எவரும் சதி செய்து ஒழுங்குபடுத்தவில்லை. உலக உருண்டை அப்படிச் சுற்றுகிறது. ஆனால் விளைவு எமது அடுப்படியில் தெரிகிறது.

அரசாங்கம் என்ன செய்தது? வெள்ளையர் காலத்துக் கட்டளைச் சட்டங்கள் இருந்தன. 1988இல் 40ஆம் இலக்கச் சட்டமாகப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் வந்தது. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்கிறது: அறவீடு. தொலைக்காட்சியில் ஓட்டத்தை நேரடியாகக் காட்டும் கடைக்கு ஒரு தொகை, காட்டாத கடைக்கு வேறொரு தொகை என்று பிரித்து அறவிடுகிறார்கள். மொத்த வசூலின் மீதான வரி 2023இல் 10 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்ந்தது. அதை 18 வீதமாக்கும் அறிவிப்பு 2025இல் வந்தது.

வரி அறவிடுவது தவறல்ல. ஆனால் வரி அறவிடுவதைக் காவல் என்று எண்ணி ஏமாறக்கூடாது. காவற்காரனின் சம்பளம் கள்ளனின் வருமானத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், அவன் தோட்டத்தை எப்படிக் காப்பான்? வசூல் கூடினால் திறைசேரிக்கு நல்லது. வசூல் கூடுவதன் பொருள், கூடுதலான கூலி கடைக்குள் போயிருக்கிறது என்பதே.

இந்நிலையில் 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. குதிரைப் பந்தயத்துக்கான பழைய கட்டளைச் சட்டம், சூதாட்டக் கட்டளைச் சட்டம், 2010ஆம் ஆண்டின் கசினோச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரே அதிகாரசபையை இது உருவாக்குகிறது. இணையவழிச் சூதாட்டமும் இதற்குள் அடங்கும். சமூகத் தீங்கைக் குறைப்பதும் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நல்லது. ஆனால் வருமானம் பெருக்குவதும் தீங்கைக் குறைப்பதும் ஒரே மேசையில் இருக்கும்போது எந்தக் கோவை முதலில் திறக்கப்படும் என்பது அலுவலகங்களின் வாசலில் காத்திருந்து பழகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திறமையா, அதிர்ஷ்டமா?

குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டம் அல்ல, அறிவுக்குரிய விளையாட்டு என்று கடை வாசலில் வாதிடுவோர் உண்டு. அயல்நாட்டில் இது நீதிமன்றம் வரை போன வாதம். 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிப்பதற்குச் சட்டம் இயற்றியது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று, 1996இல் குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பாயிற்று.

சட்டத்தின் கேள்விக்கு அது பதிலாக இருக்கலாம். எங்கள் வீட்டுக் கணக்குக்கு அது பதிலாகாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம பலமுள்ள நான்கு குதிரைகள் ஓடுகின்றன. நால்வர் ஆளுக்கு நூறு ரூபா கட்டுகிறார்கள். கடையில் நானூறு ரூபா சேர்கிறது. நியாயப்படி வென்றவருக்கு நானூறு கிடைக்க வேண்டும். கடைக்காரர் முந்நூற்றைம்பது கொடுக்கும்படி விலை வைக்கிறார். எந்தக் குதிரை வென்றாலும் அவருக்கு ஐம்பது ரூபா. இன்று ஒருவர் வெல்கிறார், நாளை மற்றவர் வெல்கிறார். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் நால்வருடைய பணத்திலிருந்து எட்டில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகிறது. உண்மைக் கடையில் விலைகள் குதிரைக்குக் குதிரை மாறும். எல்லா விலைகளையும் கூட்டிப் பார்த்தால் கடையின் பங்கு உள்ளே இருக்கும்.

விவசாயமும் ஒரு பந்தயந்தானே, மழையை நம்பி விதைக்கிறோமே என்று அந்த நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மழை பிந்தினால் நீங்கள் வாய்க்கால் வெட்டலாம், பயிரை மாற்றலாம், அயலவரிடம் நீர் கேட்கலாம். உங்கள் கை அங்கே வேலை செய்யும். சிட்டை எழுதிய பிறகு உங்கள் கைக்கு வேலை இல்லை. அந்தக் குதிரை நோய்ப்பட்டதா, நேற்று யார் ஓட்டினார் என்பதைக்கூட நீங்கள் கேட்டறிய முடியாது.

அவர் ஏன் அந்தக் கடைக்குப் போனார் என்பதையும் நாம் எண்ண வேண்டும். நிலம் இருந்த காலத்தில் கையில் வந்த பணம் விதையாகவும் உரமாகவும் மண்ணுக்குள் போயிற்று. நிலம் இல்லாத இடத்தில் நட்டஈடாகவும் கூலியாகவும் வரும் பணத்துக்குப் போக இடம் இல்லை. மாலையில் செய்ய வேலையும் இல்லை. அந்த வெறுமையில் திறந்திருக்கும் கதவு பந்தயக் கடையினுடையது. ஆகவே கண்டிப்பு மாத்திரம் மருந்தாகாது.

நாம் கேட்க வேண்டியவை

முற்றாகத் தடை செய்துவிடலாமே என்று நல்லெண்ணம் கொண்ட பலர் சொல்கிறார்கள். 1906இல் தெருவில் தடுத்தார்கள், மறைவில் நடந்தது. 1956இல் இங்கே ஓட்டம் நின்றது, காசு கடலைக் கடந்தது. இன்று தடை செய்தால் கைத்தொலைபேசிக்குள் போய்விடும். அங்கே கடைக்காரரின் முகம்கூடத் தெரியாது. எனவே தடையை விடக் கண்காணிப்பையே நான் கேட்கிறேன். ஆனால் உண்மையான கண்காணிப்பை.

முதலாவது, கடனுக்கும் அடைவுப் பொருளுக்கும் பந்தயம் ஏற்பதைக் கடுங்குற்றமாக்கி, மீறும் கடையின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய வேண்டும். இரண்டாவது, பாடசாலை, வைத்தியசாலை, மீள்குடியேற்றக் கிராமங்கள் ஆகியவற்றுக்கு அருகில் கடை திறக்க அனுமதி கொடுக்கும் முன்னர் அவ்வூர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது, ஒருவர் தானாக முன்வந்து "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தால் கடை அதை மதிக்கக் கட்டாயப்படுத்த வேண்டும். நான்காவது, அறவீட்டில் ஒரு பங்கு, கடன்பட்ட குடும்பங்களின் ஆலோசனைக்கும் மீட்சிக்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஐந்தாவது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று பிரதேச செயலகங்கள் ஊடாகக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவை எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரி, வரி சேர்க்கும் அதிகாரியாக இருக்கக்கூடாது.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நட்டஈடோ உதவித் தொகையோ வந்தால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கைத் திறந்து, இருவரும் ஒப்பமிட்டால் மாத்திரமே எடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். கடன் சங்கங்கள் கால்நடைக் கடனைக் காசாகக் கொடாமல் மாடாகவே கொடுக்கலாம். மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இதைப் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். சிட்டை எழுதிய மனிதனை ஊர் நடுவில் அவமானப்படுத்தாதீர்கள். அவமானம் அவரைத் திரும்பவும் அதே கடைக்குத்தான் அனுப்பும்.

அந்தத் தாய் கடைசியாக என்னிடம் கேட்டது மாட்டுக்கடன் அல்ல. "இந்தக் கடைக்கு அனுமதி கொடுத்தது ஆர், சுவாமி? அவையிட்டைப் போய்க் கேட்கலாமோ?" என்று கேட்டார். கேட்கலாம். அனுமதி கொடுப்பதற்கு ஒரு கையொப்பம் இருக்கிறதென்றால், அந்தக் கையொப்பத்துக்குப் பொறுப்பும் இருக்கிறது. அவருடைய மாதர் சங்கம் இப்போது ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊர்ச் சங்கமும் ஒன்று எழுதட்டும்.